பதினொரு பூட்டும் ஒரு சட்டைப் பையும்

அந்த வீட்டில் ஒரு வாய் டீ குடிக்க வேண்டுமென்றால் மூன்று பூட்டைத் திறக்க வேண்டும். டீத்தூளுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, டம்ளர் இருக்கும் அலமாரிக்கு ஒன்று.

அம்மா சாவிக்கொத்தும் கையுமாக அடுப்படியில் நின்றாள். பால் பொங்கி வழிய ஆரம்பித்திருந்தது.

"என்னங்க, சர்க்கரைக்கு எந்தச் சாவி?"

"மஞ்சள் நூல் கட்டினது," என்று கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"மஞ்சள் நூல் ரெண்டு சாவில இருக்கு."

"அப்படியா? அப்ப இன்னொண்ணு பினாயில் அலமாரிக்கு."

"ரொம்ப நல்லா இருக்கு. சர்க்கரைக்கும் பினாயிலுக்கும் ஒரே நூலா?" என்று சொல்லிக்கொண்டே அம்மா அடுப்பை அணைத்தாள்.

அப்பாவுக்குப் பூட்டு ரிப்பேர் தொழில். கடைத்தெரு முனையில் ஒரு ஆள் கால் நீட்ட முடியாத அளவுக்கு ஒரு கடை. சாவியைத் தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் எல்லோரும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். ஊர்க்காரர்களின் பூட்டையெல்லாம் திறந்துகொடுக்கிறவர் சொந்த வீட்டை இப்படிப் பூட்டிப் பூட்டி வைத்ததற்குக் காரணம் வண்டு.

வண்டுக்குப் பத்து மாதம். தவழும்போது 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டே போவான், அதனால் அந்தப் பெயர். கீழ்வரிசையில் புத்தம்புதிதாக இரண்டு பல். கைக்கு எது கிடைத்தாலும் அந்தப் பல்லிடம் காட்டி ருசி பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

அவனுக்கு ஓர் அக்கா உண்டு. அவளுக்குப் பத்து வயது. வண்டு பிறந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அம்மாவுக்கும் அவள் அக்கா, அப்பாவுக்கும் அக்கா. பக்கத்து வீட்டு மாமாவுக்குக்கூட அவள் அக்காதான். மாமாவுக்கு வயது அறுபது.

போன வாரம் ஒரு சாயங்காலம் வண்டு எதையோ வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தான். அம்மா ஓடிவந்து விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். சின்னத் திருகாணி. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் தொண்டைக்குள் போயிருக்கும்.

அப்பா அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நம்ம கடை ஸ்க்ரூதான்," என்றார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

மறுநாள் கடைக்கு லீவு விட்டுவிட்டு வேலையில் இறங்கினார். வீட்டிலிருந்த கருவிப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றினார். மேசை முனைகளில் பழைய துண்டைச் சுற்றிக் கட்டினார். சுவரில் தாழ்வாக இருந்த பிளக் ஓட்டைகளுக்கு மூடி வாங்கி மாட்டினார். வாளியில் தண்ணீர் நின்றால் கொட்டிக் கவிழ்த்தார். இதுவரைக்கும் எல்லாம் சரிதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பூட்டுக்காரர் கை சும்மா இருக்குமா? கண்ணில் பட்ட கதவுக்கெல்லாம் பூட்டு போட்டார். எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அக்காவின் நோட்டுகள் இருந்த அலமாரியும் அதில் அகப்பட்டுக்கொண்டது.

"வீட்டுப்பாட நோட்டு எங்கே?" என்று டீச்சர் கேட்டார்.

"பூட்டிக் கிடக்கு டீச்சர்."

"திறந்து எடுக்க வேண்டியதுதானே?"

"எந்தச் சாவின்னு அப்பாவுக்கே தெரியல டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னார்.

இத்தனை பூட்டு போட்டும் என்ன பயன்? இரண்டே நாளில் வண்டுவின் கையில் ஒரு குட்டி ஸ்பிரிங் இருந்தது. அம்மா அதைப் பிடுங்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா என்னால தாங்க முடியாது. எங்கேருந்துதான் எடுக்கிறான் இவன்?"

அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கதவிடுக்கில் எல்லாம் தேடினார். ஒரு திருகாணியும் அகப்படவில்லை. "நாளைக்கு இன்னும் ரெண்டு பூட்டு கொண்டு வரேன்," என்றார். அவர் குரல் கம்மியிருந்தது.

அக்காவுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பூட்ட இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்றும் அவளுக்குப் புரியவில்லை. எல்லோரும் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வண்டுவையே பார்த்தால் என்ன?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அவளும் தரையில் இறங்கினாள். வண்டு போகிற இடமெல்லாம் பின்னாலேயே தவழ்ந்தாள். வண்டு கட்டிலுக்கு அடியில் போனான். ஒரு பழைய சாக்ஸைக் கண்டுபிடித்துத் தின்னப் பார்த்தான். பிறகு ஒரு பூட்டைப் பிடித்து இழுத்தான், நக்கிப் பார்த்தான், அதுவும் பிடிக்கவில்லை. பாதி வழியில் உட்கார்ந்து காரணமே இல்லாமல் கை தட்டினான்.

ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "என்ன அக்கா, நீயும் தவழ ஆரம்பிச்சுட்டியா?"

"வேலையா இருக்கேன் மாமா, அப்புறம் பேசலாம்."

"சரி சரி, நான் தொந்தரவு பண்ணல," என்று மாமா தலையை இழுத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் போயிற்று. அக்காவுக்கு முட்டி வலித்ததுதான் மிச்சம். அப்போது வெளியே அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வண்டு 'ம்ம்ம்' என்று வாசலைப் பார்த்துப் பறந்தான். தினமும் நடக்கிற கதைதான் இது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனை அள்ளித் தூக்கினார்.

தரையில் உட்கார்ந்திருந்த அக்கா அண்ணாந்து பார்த்தாள். வண்டுவின் வலது கை நேராக அப்பாவின் சட்டைப் பைக்குள் போனது. வெளியே வரும்போது மூடியிருந்தது.

அப்பா அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே இருந்தாள். பார்த்தது அக்கா ஒருத்திதான்.

அவள் எழுந்து வண்டுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் பூட்டுக்குள் போடுகிற பித்தளைக் குச்சி ஒன்று இருந்தது, நகத்தளவுதான். அக்கா அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். சொன்னால் அப்பா உடைந்துபோவார். ஆனால் சொல்லாமல் இருந்தால் வண்டு என்ன ஆவான்?

"அப்பா," என்றாள் மெதுவாக. "இது அலமாரிலேருந்து வரல. உங்க பைலேருந்து எடுக்கிறான்."

அப்பா பைக்குள் கையை விட்டார். இரண்டு திருகாணி, ஒரு ஸ்பிரிங். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"பூட்டைக் கழட்டும்போது தொலைஞ்சிடக் கூடாதுன்னு பைல போடுவேன். இருபது வருஷப் பழக்கம். கை தானா போகுது, நான் நெனைக்கக்கூட இல்ல," என்றார். வண்டுவை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே ஏழு பூட்டைக் கழற்றினார். பினாயில், மருந்து, கத்தி, ஊசி நூல் இருக்கிற நாலு இடத்தில் மட்டும் பூட்டு மிஞ்சியது. சர்க்கரை விடுதலையானதில் அம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு அப்பா வண்டுவைத் தூக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து ஸ்கூட்டரைக் கொல்லைப் பக்கம் நிறுத்திவிட்டு அந்த வழியாகவே உள்ளே வந்தார். சத்தம் கேட்டு வண்டு வாசலுக்கு ஓடுவான். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுவான். அப்பா குளித்து உடை மாற்றி வந்த பிறகும் எட்டவே நின்றார்.

"தூக்குங்களேன்," என்றாள் அம்மா.

"இந்தச் சட்டைலயும் ஏதாவது இருந்துட்டா? என் கையை நானே நம்பல," என்றார் அப்பா.

மூன்று நாள் இப்படியே போனது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் சொல்லாமலே இருந்திருக்கலாமோம்மா?"

"நீ சொன்னதுதான் சரி. உன் தம்பி நல்லா இருக்கான்ல? அப்பாவுக்குப் பயம் தெளியணும், அதுக்கு நாளாகும்," என்று அம்மா அவள் தலையைக் கோதினாள்.

எத்தனை நாள்? வண்டுவுக்கு அதெல்லாம் தெரியாதே. அக்கா யோசித்தாள். அப்பா வேண்டுமென்றே எதையும் பையில் போடுவதில்லை, கைதான் தானாகப் போகிறது. கைக்கு எடுத்துச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆனால் போகிற இடத்தில் பையே இல்லாவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா கூடத்தில் அசந்து தூங்கினார். அக்கா அம்மாவிடம் போய் ஊசியும் நூலும் கேட்டாள். எதற்கென்று காதோடு சொன்னாள்.

அம்மா ஊசிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். "வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு. கறுப்புதான் இருக்கு."

"பரவால்லம்மா. அப்பாவுக்குக் கோவம் வருமா?"

"தெரியல. நீ தை, நான் இவனைப் பாத்துக்கறேன்," என்று அம்மா வண்டுவைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

கட்டிலின் மேல் அப்பாவின் ஆறு சட்டைகளையும் பரப்பிவைத்துக்கொண்டு அக்கா பையின் வாயைத் தைக்க ஆரம்பித்தாள். பள்ளியில் கற்றுக்கொண்ட ஓட்டுத்தையல். முதல் சட்டையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்தே தைத்துவிட்டாள். அதைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். விரலில் ஐந்து இடத்தில் குத்திக்கொண்டாள். தையல் மேடும் பள்ளமுமாகத்தான் ஓடியது, ஆனால் கெட்டியாக இருந்தது. முடித்ததும் ஊசியைப் பெட்டியில் வைத்து, நூல் துண்டுகளையெல்லாம் பொறுக்கி, பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

திங்கட்கிழமை காலையில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு பேனாவைப் பையில் செருகினார். பேனா போகவில்லை. மறுபடி செருகினார். குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையில் கறுப்பு நூல் கோணல்மாணலாக ஓடியது. இன்னொரு சட்டையை எடுத்துப் பார்த்தார், அதிலும் அப்படியே.

அக்கா கதவோரம் நின்று விரலை மறைத்துக்கொண்டாள். "அதுவும் ஒரு பூட்டுதான்பா. அதுக்குச் சாவி மட்டும் கிடையாது."

அப்பா சட்டையை மாற்றவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று முழுக்க வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்டால் அக்காவுக்குச் சொல்லத் தெரியாது. அவள் நினைப்பெல்லாம் அந்தச் சட்டைமேல்தான் இருந்தது.

சாயங்காலம் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. அக்கா எழுந்து ஓடினாள். அப்பா படியேறாமல் வெளியிலேயே நின்றார்.

"காலைலேருந்து எத்தனை ஸ்க்ரூ கீழே போட்டேன் தெரியுமா? பத்தொம்பது. பைல போடறதா நெனைச்சுப் போடறேன், டங்குனு தரைல விழுது. எதிர்க்கடைக்காரர் எனக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்டார். மத்தியானத்துக்கு மேல ஒரு டப்பா மூடியைப் பக்கத்துல வச்சேன். சாயங்காலம் எல்லாம் மூடிக்குள்ளதான் விழுந்துச்சு. கை இப்பதான் படிக்குது."

"கோவமாப்பா?"

"கோவமா?" அப்பா அவள் கையைப் பிடித்து விரலில் இருந்த புள்ளிகளைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா பூட்டு வேலை பாக்கறேன். எதைப் பூட்டணும்னு நீதான் கண்டுபிடிச்ச."

உள்ளேயிருந்து 'ம்ம்ம்' என்ற சத்தம் வந்தது. அப்பா சட்டென்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். "அக்கா, முதல்ல நீ சோதனை போடு. சீக்கிரம்."

அக்கா அவர் காலரை மடித்துப் பார்த்தாள். சட்டைக்கை மடிப்பை உதறினாள். கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டாள், இரண்டு பக்கமும் அவை காது மாதிரித் தொங்கின. கைக்குட்டையையும் உதறச் சொன்னாள். பின்னால் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஒண்ணும் இல்ல. தூக்கலாம்," என்றாள் அக்கா.

வண்டு அப்பாவின் காலடிக்கே வந்துவிட்டான். அப்பா குனிந்து அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வண்டுவின் கை வழக்கம்போல் பையைத் தேடிப் போனது. தட்டிப் பார்த்தான், சுரண்டிப் பார்த்தான், அது வழி விடவில்லை. இது என்ன அநியாயம் என்பதுபோல் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். எதிரே அப்பாவின் மூக்கு இருந்தது. வாயைத் திறந்து அதைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டு பல்லும் நன்றாகவே பதிந்தன. அப்பா வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.