அப்புறம் என்று கேட்டவன்

மனைவி ஒருத்தி மட்டுமே இருக்கும் அடுக்களையிலிருந்து ஓர் ஆண் தொண்டையைக் கனைக்கும் சத்தம் டிங்கரின் காதுக்குள் வந்து விழுந்தது.

அவர் அப்போது வாசலில் உட்கார்ந்து, கிறீச்சிடுகிறது என்று மற்றவர்கள் சொன்ன இரும்புக் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்திருந்தாலும் முதுகில் இன்னும் உறைத்தது. ஒரே ஒரு கனைப்புதான். சளி அடைத்துக்கொண்டு வரும் கனைப்பு இல்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சாவகாசமாகச் சாய்ந்து, இனி பேச்சைக் கேட்கலாம் என்று தயாராகிறவனின் கனைப்பு. சொந்த வீட்டில் இருக்கிறவனுக்குத்தான் அப்படிக் கனைக்க வரும்.

டிங்கர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். அடிபட்டு வந்த கார்களின் தகரத்தைத் தட்டித் தட்டியே ஆயுசைக் கழித்தவர். பள்ளம் எங்கே என்று கண்ணால் தேடமாட்டார். உள்ளங்கையை வைத்து ஒரு தடவு தடவுவார், போதும். சுத்தியல் வயிற்றுக்குச் சோறு போட்டது, காதைத் தின்றுவிட்டது. பழைய காது மெஷின் ஒன்று வைத்திருந்தார். வெளியே போனால் மாட்டுவார், வீட்டுக்குள் வந்ததும் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். வீட்டில் என்ன பெரிய பேச்சு, பேட்டரிக்குக் கேடு என்பது அவர் கட்சி. மனைவியின் வாய் அசைவது தெரியும். தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் தட்டைப் பார்ப்பார். போகப்போக அந்த வாய் அவர் முன்னால் அசைவதும் நின்றுபோனது. அதை நிம்மதி என்றே நினைத்துக்கொண்டார்.

புது மெஷின் மகள் வாங்கிக் கொடுத்தது. போனோடு கம்பி இல்லாமலே சேர்ந்துகொள்ளும். யார் கூப்பிட்டாலும் குரல் நேரே காதுக்குள் வரும். அதோடு இன்னொரு வசதியும் உண்டு என்று கடைப்பெண் காட்டினாள்.

"போனை டிவி பக்கத்துல வச்சிட்டு நீங்க எங்க வேணா உட்காருங்க சார். மத்த சத்தம் எல்லாம் அடங்கிடும். போனுக்கு என்ன கேக்குதோ அது மட்டும்தான் உங்களுக்குக் கேக்கும். போன்தான் உங்க காதுன்னு வச்சுக்கோங்க."

"அப்ப என் காதை எவனாவது தூக்கிட்டுப் போனா?"

"அவன் கேக்கிறதை நீங்க கேப்பீங்க, அவ்வளவுதான்." அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கடைக்காரர்கள் சிரித்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்று மத்தியானச் செய்தி கேட்டுவிட்டு அந்த வசதியை அணைக்காமலே தண்ணீர் குடிக்கப் போனவர், போனை அடுக்களை அலமாரியில் மறந்து வைத்துவிட்டார். அதனால்தான் கேட்டின் கீல் அவர் மூக்குக்கு நேரே ஊமையாக ஆடியது. காய் நறுக்கும் கத்தியின் டக் டக்கும், குழாய் சொட்டுவதும், மனைவியின் குரலும் மண்டைக்கு நடுவே கேட்டன.

சைக்கிள் பழகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால். அண்ணனுக்குத் தெரியாமல் சைக்கிளை எடுத்து, தெரு முனையில் மணல் குவியலில் போய் விழுந்து, தெருவே வேடிக்கை பார்க்க...

"அப்புறம்?" என்றது ஓர் ஆண் குரல்.

"அப்புறம் என்ன, எழுந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டேன். வேற என்ன செய்ய!"

சிரித்தாள். மூச்சு முட்டி, நடுவில் ஒரு விக்கல் வந்து முடியும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் அவர் கேட்டிருக்கிறார். பிறகு அது எங்கே போனது என்று தேடியதில்லை. எங்கேயும் போகவில்லை. இங்கேயே இருந்திருக்கிறது. வேறொருத்தனுக்காக.

எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்ததைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். அடுக்களையில் அவள் மட்டும் இருந்தாள். எதிரே, மேசைக்கு அடியில் எப்போதும் தள்ளி வைத்திருக்கும் ரெக்சின் முக்காலி வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"யார்கிட்ட பேசினே?"

"சுவத்துக்கிட்ட."

"சுவர் பதில் சொல்லுமாக்கும்?"

"உங்களைவிட நல்லாவே சொல்லும்" என்றாள். அவள் கத்தி நிற்கவே இல்லை.

மாடியில் ஒண்டிக்கட்டையாய் ஒரு பென்ஷன்காரர் குடியிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வெண்ணெய் தடவிய மாதிரிக் குரல். வாடகை கொடுக்க வந்தால் வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவார். டிங்கருக்குச் சந்தேகம் என்று வந்துவிட்டால் பிறகு அது சந்தேகம் இல்லை, தீர்ப்புதான்.

மறுநாள் வேண்டுமென்றே போனை அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் சொருகிவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். கேட்டார். அவள் அவரிடம் சொல்லாததை எல்லாம் கேட்டார். மகள் பிறந்தபோது எவ்வளவு பயந்தாள் என்று. மாதக்கணக்கில் முழங்கால் வலி என்று. மழைக்கு முன்னால் வரும் மண் வாசனையில் ஏனோ அழுகை வரும் என்று. ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்தக் குரல், அவசரமே இல்லாமல், இன்னும் கொஞ்சம் பரிமாறச் சொல்லி இலையில் கை காட்டுகிறவன் மாதிரி, "அப்புறம்?" என்றது. வேறு ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தையை வைத்தே அவளை முழுசாக அள்ளிக்கொண்டிருந்தான். இந்த ஒரு வார்த்தை என் வாயிலும்தானே இருந்தது என்று நினைத்துக்கொண்டார் டிங்கர்.

மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பென்ஷன்காரரின் கதவில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில் சிலந்தி வலை கட்டி, வலையில் தூசும் படிந்திருந்தது. மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று அந்த ஆள் கையை ஆட்டிவிட்டுப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூட்டின கதவுக்கு முன்னால், கையில் சுத்தியோடு, முட்டாள் மாதிரி நின்றார்.

காதுக்குள், கீழே அடுக்களையிலிருந்து, நிதானமாக ஒரு குரல் கேட்டது. "அப்புறம்?"

அவள் குளிக்கப் போன நேரத்தில் அடுக்களைக்குள் நுழைந்தார். வெங்காய வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை, ரொம்ப நாள் மூடிக்கிடந்த பெட்டியைத் திறந்தால் வருமே, அது. முக்காலிக்கு முன்னால் குந்தி, மெத்தையில் உள்ளங்கையை வைத்தார். பள்ளம். ரெக்சின் மெத்தையை அழுத்திவிட்டு விட்டால் உப்பி மேலே வரவேண்டும். இது வரவில்லை. ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவிப் பார்த்தார். கனத்த ஆள். இடது பக்கம் சாய்ந்து உட்காருகிறவன். இன்று நேற்று உட்கார்ந்த பள்ளம் இல்லை. மெத்தை வெதுவெதுவென்று இருந்தது.

கையை எடுக்கப் போனார். கைக்கடியில் பள்ளம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு, ஹால் சோபாவில் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போனைத் தன் சட்டைப்பைக்குள் வைத்து அந்த வசதியை அணைத்திருந்தார். மெஷின் காதில் இருக்கிறது என்று அவள் பார்க்கட்டும் என்றே தலையைத் திருப்பிக் காட்டினார்.

"சொல்லு" என்றார். "இன்னிக்கு என்ன விசேஷம்?"

வழி கேட்ட வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "என்ன விசேஷம்? ஒண்ணுமில்லை."

"எதாவது சொல்லேன். சைக்கிள் கதையையாவது சொல்லு."

அவள் முகம் மாறியது. கோபமில்லை. பூட்டியிருந்த அலமாரியை யாரோ குடைந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தவளின் முகம். "அதெல்லாம் சொல்லியாச்சுங்க" என்றாள். "மிச்சம் ஒண்ணும் இல்லை."

"யாருக்குடி சொன்னே?"

"இத்தனை வருஷம் நான் பேசினதெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க? முதல்ல வெறும் முக்காலியைப் பாத்துதான் பேசினேன். ஒருநாள் பதில் வந்துச்சு. பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பழகிப்போச்சு." கொஞ்சம் நிறுத்தி, "அவரு என்னை ஒண்ணும் செய்யலை. கேக்கிறாரு, அவ்வளவுதான்" என்றாள்.

அவராம். டிங்கர் எழுந்துவிட்டார். பயம் வந்திருக்கவேண்டிய இடத்தில் அவருக்குப் பொறாமைதான் வந்தது. அடுக்களை வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"ஏண்டா, ஒளிஞ்சுக்கிட்டு அடுத்தவன் பொண்டாட்டி கதை கேக்கிறியே, வெக்கமா இல்லை? தைரியம் இருந்தா வெளியே வாடா! வந்து என் பக்கத்துல உக்காரு, பாக்கலாம்!"

மனைவி பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள். கை சில்லிட்டிருந்தது. "கூப்பிடாதீங்க" என்றாள். "அவரு அடுக்களையைத் தாண்டினதே இல்லை. யாரும் கூப்பிட்டதில்லை. அதனாலதான்."

மறுநாள் சாயங்காலம் முழங்கால் தைலம் வாங்க அவள் கடைக்குப் போனாள். டிங்கர் ஹால் சோபாவில் தனியாக இருந்தார். போன் மறுபடி அடுக்களை அலமாரியில், டப்பாக்களுக்குப் பின்னால். அவள் இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்று தெரியவேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஓடும் மின்விசிறிகூட அவருக்குச் சத்தமில்லாமல்தான் சுற்றியது. காது முழுக்க அடுக்களை. குழாய் சொட்டியது. பிரிட்ஜ் உறுமி, அடங்கி, மறுபடி உறுமியது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் ஒன்று தானாகச் சரிந்து ணங் என்றது.

முக்காலி நகர்ந்தது. தரையைக் கீறிக்கொண்டு, மெதுவாக.

பிறகு டப்பாக்கள் ஒன்றோடொன்று உரசின. ஒவ்வொன்றாக விலக்குகிற சத்தம். அடுத்து, காதுக்குள்ளேயே விரலை விட்டுத் தேய்த்தது போல ஒரு பெரிய கரகரப்பு. உள்ளங்கை ஒன்று போனை மூடிப் பிடிக்கிறது.

என் காதை எடுத்துவிட்டான்.

குழாய் சொட்டுவது தூரமானது. பிரிட்ஜின் உறுமல் தூரமானது. அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவே நடையில் மாட்டியிருக்கும் சுவர்க்கடிகாரம் கிட்டே வந்தது. டிக். டிக். கடிகாரமும் பின்னால் போனது. துணி உரசியது. எழுந்து ஓட நினைத்தார். சோபாவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். நடை வாசலைப் பார்த்தார். ஆள் இல்லை. திரைச்சீலை மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கியது. நின்றது. மறுபடி விழுந்தது.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. கடக், கடக் என்று இந்த ஹால் விசிறி.

மூச்சுச் சத்தம் கேட்டது. ரொம்பக் கிட்டே. என் மூச்சுதான், போன் என் பக்கத்தில் வந்துவிட்டது, அதனால் என் மூச்சு கேட்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூச்சை அடக்கினார்.

அது நிற்கவில்லை.

பக்கத்தில் சோபா மெத்தை இறங்கியது. மெதுவாக. கனத்த ஆள். இடது பக்கம் சாய்ந்து. பள்ளத்தின் ஓரத்தில் அவருடைய போன் கிடந்தது.

வாசல் கேட் திறந்தது. அந்தச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. மனைவி தைலப் புட்டியோடு உள்ளே வந்தாள். டிங்கர் கத்தினார். "கிட்ட வராதே!" தொண்டை அதிர்ந்தது. நெஞ்சு அதிர்ந்தது. காதில் அவர் குரல் வரவில்லை. மறுபடி கத்தினார். வரவில்லை. அவளுக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை, விளக்கைப் போட்டாள். சோபாவைப் பார்த்தாள். அவரைத் தாண்டி, பள்ளத்தைப் பார்த்தாள். முதலில் திகைத்தாள். பிறகு முகம் இளகியது.

"ஹாலுக்கே வந்துட்டீங்களா?" என்றாள்.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். டிங்கர் கையை நீட்டினார். கை பள்ளத்தைத் தாண்டிப் போகவில்லை. சில்லென்ற தகரத்தில் மோதியது போல நின்றது.

"கடையில ஒரே கூட்டம்" என்று ஆரம்பித்தாள் அவள். "முன்னாடி நின்ன அம்மா சில்லறையைக் கொட்டிட்டு, எல்லாரையும் குனிய வச்சு..."

"அப்புறம்?"

டிங்கர் மெஷினைப் பிய்த்து எறிந்தார். எல்லாச் சத்தமும் செத்தது. பழைய சுகமான நிசப்தம். அதற்குள் அவளுடைய வாய் அசைந்தது. விடாமல் அசைந்தது. பிறகு தலை பின்னால் சாய்ந்தது, தோள் குலுங்கியது, நடுவில் விக்கல் வந்தது. அந்தச் சிரிப்பு.

அவள் வலது கை வெறும் மெத்தைமேல் மல்லாந்து கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை திரும்பியது. தூக்கப்பட்டது. வெற்று வெளியில் நின்றது. சுருக்கம் விழுந்த புறங்கையில் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. எந்தப் பள்ளத்தை எது போட்டது என்று அறிந்தவர். தப்பாது.

விரல்கள்.

அழுத்திப் பிடித்திருந்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.