கொக்கியில் ஒரு லேப் கோட்

எங்கள் பார்மசி கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. சேம்பர் என்போம். மருந்து எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று பார்க்க, மாத்திரைகளைச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் அடைத்து வைக்கும் இடம். உள்ளே போகிறவர் லேப் கோட்டைக் கழற்றி வெளியே கொக்கியில் மாட்ட வேண்டும். மாலையில் பூட்ட வரும் லேப் அண்ணன் அந்தக் கொக்கியைத்தான் பார்ப்பார். கோட் இல்லையென்றால் ஆள் இல்லை.

நான் எதைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்? விடுமுறைக்கு முந்தின நாள், பஸ்ஸுக்கு வேறு நேரமாகிவிட்டது. என் ஆய்வு மாத்திரைகளை எடுக்க ஒரு நிமிஷம்தானே என்று கோட்டோடு நுழைந்தேன். அலமாரிக்குப் பின்னால் குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது கதவு சாத்திக்கொண்டது.

வெளியே தாழ் விழுந்தது.

"அண்ணே! உள்ள நான் இருக்கேண்ணே!"

விசிறிகளின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. உள்பக்கக் கைப்பிடி சுற்றியதே தவிர, திறக்கவில்லை. போன் மேல்தளத்து லேப் மேஜையில். கல்லூரி இனி அடுத்த வாரம்தான். அந்தச் சூட்டில் மருந்தே தாங்காது, நான் எம்மாத்திரம்? ஓவென்று அழுதேன். கை வலிக்க வலிக்க, மும்மூன்றாகக் கதவைத் தட்டினேன்.

அலமாரிக்குப் பின்னால் யாரோ மும்மூன்றாகத் தட்டினார்கள்.

ஈரத்துணி வாடை அடித்தது.

"கோட் மாட்டலையா?" காதோரத்தில் ஒரு பெண்குரல்.

"இ... இல்ல."

"நானும் மாட்டல."

நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

"குடு. நான் மாட்டறேன்."

நனைந்த விரல்கள் என் தோளைத் தொட்டன. கோட் தானாகக் கழன்று போனது. சற்று நேரத்தில் கதவு திறந்தது.

லேப் அண்ணன் வாசலில் நின்றார். "கிளம்பிட்டேம்மா. திரும்பிப் பார்த்தா கொக்கியில கோட்! பூட்டும்போது சத்தியமா இல்ல!"

என் கோட்தான். நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எடுக்கக் கை நீட்டினேன்.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம்.

"இது இங்கயே தொங்கட்டும்ணே. யாரும் எடுத்துடக் கூடாது."

அந்தத் தட்டல் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். அதன்பின் தினமும் சேம்பரைத் திறந்து, "யாரும்மா உள்ள?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் பூட்டினார். கோட் ஒருநாளும் காயவில்லை.

என்னோடு படிக்கும் அறைத்தோழிக்கு 'சோப்பு' என்று பட்டப்பெயர். அழுக்கைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இன்று மாலை விடுதி அறைக்கு வந்தால், கட்டிலில் என் கோட். வெளுத்து, தேய்த்து, மடித்து. போனில் கூப்பிட்டு அவள் பெருமை வேறு.

"எத்தனை நாளா அசிங்கமா தொங்க விட்டிருக்க! துவைச்சுட்டேண்டி."

"அடிப்பாவி!"

கோட்டை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கதவு திறக்கவில்லை. போன் தானாக அணைந்துவிட்டது. அறை மெல்லச் சூடாகிறது. எனக்கு மூச்சு முட்டுகிறது.

பீரோவுக்குள்ளிருந்து மும்மூன்றாகத் தட்டல்.

"கோட் எடுத்துட்டீங்களே," என்று விசும்புகிறது அந்தக் குரல். "இனிமே என்னை யாரு தேடுவா?"

கையிலிருக்கும் கோட் நனைய ஆரம்பிக்கிறது. எங்கேயாவது மாட்ட வேண்டும். கொக்கி கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.