மேசை மேல் இரண்டு மணி நேரம்

"இந்தப் பாலை உள்ளே விட முடியாதுங்க. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னான் அவன். டெய்ரியின் பரிசோதனை அறையில் ஆறு வருஷமாக அவன் வைத்ததுதான் சட்டம். வண்டிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கறார் சார்'.

எதிரே நின்றவளுக்குப் பகீரென்றது. கால் முறிந்து படுத்திருக்கும் அண்ணனுக்குப் பதிலாக இன்றுதான் முதல்முறை பால் டேங்கரை ஓட்டி வந்திருக்கிறாள். "நீ ஓட்டிக் கிழிச்ச!" என்று சிரித்தவனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சாவி. ஒரு லோடு திரும்பினாலும் ஒப்பந்தம் போய்விடும்... அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பாள்?

"என்ன காரணம் சார்?"

"கிருமிங்க. சேகரிப்பு மையத்துல பாலை ஏத்தும்போது மில்லிக்குப் பத்தாயிரம். இப்போ ஒரு லட்சத்து அறுபதாயிரம். வழியில குளிரூட்டியை நிறுத்திட்டீங்க."

"நானா?"

மழையில் நனைந்த இமைகள் படபடத்தன. ஐயோ, அந்தக் கண்கள்... இதுக்குப் பயந்துதானே அவன் நிமிராமலே இருந்தான்!

"குளிர் இல்லேன்னா கிருமி ரெட்டிப்பாக எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி."

அவள் அவன் கொடுத்த சீட்டையே திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

"நான் வந்ததே அரை மணி நேரம். குளிரூட்டி செத்தே போச்சுன்னு வெச்சுக்குவோம். பத்தாயிரம் இருபதாயிரமாகும். அதோட சரி. நீங்க சொல்ற கணக்கு வரணும்னா அப்புறம் நாப்பது, எண்பது, நூத்தி அறுபது... மொத்தம் நாலு தடவை ரெட்டிப்பாகணும். நாலு அரை மணி, ரெண்டு மணி நேரம் சார்! பத்து மணிக்கு சாம்பிள் பாட்டிலை உங்க கையில கொடுத்தேன். நீங்க பார்த்தது பன்னெண்டுக்கு."

"முறை வர்ற வரைக்கும் பாட்டில் ஃபிரிட்ஜ்லதான் இருக்கும்," என்றான் வெடுக்கென்று.

சொல்லி முடிக்கும் முன்பே சந்தேகம் வந்தது. அவளுடைய பாட்டிலை எங்கிருந்து எடுத்தான்? ஜன்னலோர மேசையிலிருந்து அல்லவா... ஃபிரிட்ஜைத் திறந்த ஞாபகமே இல்லையே!

வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஆறு வருஷக் கௌரவம்... சட்டென்று அவன் சீட்டைக் கிழித்தான். தானே போய் டேங்கரிலிருந்து புதுசாகப் பால் எடுத்தான். எண்ணிப் பார்த்தான். பத்தாயிரத்துச் சொச்சம். நேரே மேனேஜரிடம் போய், "தப்பு என்னோடது சார். மறுபடி பார்த்தேன், பால் சுத்தம்," என்றான்.

பால் இறக்கியதும் அவள் வண்டியருகே அவனை மடக்கினாள். "ஆறு வருஷமா எதையும் மறக்காத கறார் சாருன்னு அண்ணன் சொல்வான், இன்னைக்கு மட்டும் ஃபிரிட்ஜ்ல வைக்க எப்படி மறந்தீங்க?"

"பாட்டிலைக் கொடுத்துட்டு... சிரிச்சீங்க."

"அதுக்கு?"

"அப்புறம் மழையில நின்னு வண்டிக் கண்ணாடியைத் துடைச்சீங்க. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தேன். மத்தவங்க பாட்டிலெல்லாம் சரியாத்தான் வெச்சேன். உங்களோடது மட்டும்..." காது சிவந்துபோனது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அவள் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். போச்சு, காரியம் கெட்டது என்று அவன் நின்றபோது கண்ணாடி இறங்கியது.

"நாளைக்கும் நான்தான் வருவேன். முதல்ல பாட்டிலை உள்ளே வையுங்க. அப்புறம் நிதானமா வெளியே வாங்க... எனக்கும் உங்களைப் பார்க்கணும்ல?"