கடலைக்கு எத்தனை விரல் தண்ணீர்?

விஜயபுரத்தில் கரண்ட் வந்தால் போதும், கொல்லைதோறும் மோட்டார்கள் உறுமத் தொடங்கிவிடும். கரண்ட் போவதற்குள் பாய்ச்சிவிட வேண்டுமே என்று, தரணியின் நைனா கோவர்த்தனன் வேர்க்கடலைப் பாத்திகளை விளிம்பு வரை நிரப்புவார்.

போன வருடம் காய் முற்றும் நேரத்தில் கிணறு வறண்டு, கடலையெல்லாம் சூம்பிப் போனது. இந்த வருடமும் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. தரணி தினமும் கிணற்றை எட்டிப் பார்த்தாள்.

கொல்லையோரம் கோழிகளுக்கு அவள் வைத்த பேசினிலும் தண்ணீர் தினமும் குறைந்தது. கோழிகள்தான் காலி செய்கின்றன என்று நினைத்து, அவற்றுக்கு வேறு சட்டி வைத்துவிட்டு, பேசினைக் கம்பி வலையால் மூடினாள். அப்போதும் குறைந்தது. பாவம், கோழிகள்மேல் வீண்பழி! குடித்தது வெயில்.

பேசினில் குடிக்கிற வெயில் பயிரிடமும் ஏறக்குறைய அவ்வளவுதானே குடிக்கும்? தரணி நைனாவிடம் ஓடினாள்.

"நைனா, பேசின்ல ரெண்டு விரல் கொறைஞ்சா, பாத்தியிலயும் ரெண்டு விரல் நின்னா போதும். உடனே மடையை மாத்திடலாம்!"

"ஊரே ரொப்பிக்கினு கீது. நாம கொஞ்சமா உட்டா பயிர் காய்ஞ்சிடும் பாப்பா."

"நாலு பாத்தி மட்டும் எனக்குக் குடு நைனா. காய்ஞ்சா அப்புறம் கேக்கவே மாட்டேன்."

நைனா சரியென்று தலையாட்டினார். பக்கத்துக் கொல்லைக்காரர் துலுக்காணம் வரப்பில் நின்று சிரித்தார். "இன்னா கோவர்த்தனா, பயிருக்கு ஸ்பூன்ல ஊட்டப் போறியா?"

தரணிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனாலும் தினமும் பேசினில் விரல் விட்டுப் பார்த்தாள். காற்றடித்த நாளில் அதிகம் குறைந்தது. மேகம் மூடிய நாளில் குறைந்ததே தெரியவில்லை. குறைந்ததை மட்டும் தன் பாத்திகளுக்குக் கொடுத்தாள்.

சில வாரங்களில் அவள் பாத்திகள் கரும்பச்சையாகத் தழைத்தன. நைனாவின் பாத்திகள் வேர் ஊறி வெளிறி நின்றன. நைனா மடையை மாற்ற மண்வெட்டியை எடுத்தார். அன்றிலிருந்து கொல்லை முழுக்க விரல்கணக்குதான்.

காய் முற்றும் நேரம் வந்தது. துலுக்காணத்தின் மோட்டார் வெறும் காற்றை இறைத்தது. தரணியின் கிணற்றிலோ தண்ணீர் பளபளத்தது!

துலுக்காணம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். தரணிக்கு மனசு கேட்கவில்லை.

"மாமா, எங்க கெணத்துல தண்ணி கீது. உங்க பயிருக்கும் உடறோம். ஆனா ரொப்பக் கூடாது!"

"நீ சொல்ற மாதிரியே உடறேம்மா" என்றார் அவர்.

அறுவடையன்று துலுக்காணம் தன் கொல்லையில் ஒரு செடியைப் பிடுங்கி உதறினார். கொத்துக் கொத்தாகத் திரண்ட காய்கள்! செடியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் ஊருக்குள் ஓடினார்.

"எல்லாரும் வந்து பாருங்க! எங்க தரணி வெளைய வச்ச கடலை!"