ஜிம்போலாவுக்கு என்ன வயசு?

ஜிம்போலா வாயைத் திறந்த நேரம் பார்த்துத்தான் அக்தர் பானுவின் கால் ஒயரில் மாட்டியது.

அதுவரை படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தாராவியில் வெயிலுமுத்து வீட்டில், வாடகை வீடியோ டெக்கில், இந்தி பேசும் கார்ட்டூன் படம். ஒரே அறைக்குள் பதினான்கு பிள்ளைகள்.

ஜிம்போலா என்பவன் ஒரு ஏரியைக் காக்கும் குட்டைப் பையன். பச்சை பூட்ஸ் போட்டிருப்பான். அவனுக்குச் சாவே கிடையாது. ராஜாக்கள் தாடி வளர்ப்பார்கள், நரைப்பார்கள், ஒவ்வொருவராகப் போய்ச் சேருவார்கள். ஜிம்போலா மட்டும் அதே பூட்ஸோடு அப்படியே நிற்பான். கடைசியில் ஏழாவது ராஜாவின் மகள் கேட்டாள்: "நிஜத்தைச் சொல். உனக்கு என்ன வயது?"

ஜிம்போலா சிரித்தான். வாயைத் திறந்தான்.

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்க் கேட்கலாமே என்று பானு எழுந்தாள். அவ்வளவுதான். ஒயர் பிடுங்கிக்கொண்டது, திரை இருண்டது. திரும்பச் செருகியபோது டெக் 'கர்ர்' என்று கேசட்டை மென்றது. நாடா இடியாப்பம் போல வெளியே வந்தது.

"ஏ பானு! கண்ண எங்க வச்சிருக்க?" என்று கத்தினான் வெயிலுமுத்து.

"மூஞ்சியிலதான்" என்றாள் பானு. அது ஒன்றும் உதவவில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து அவளைத் திட்டினார்கள்.

திட்டாத ஒரே ஆள் சொரிமுத்து. வெயிலுமுத்துவின் தம்பி, ஆறு வயது. அவன் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: "ஜிம்போலா செத்துட்டானா?"

"சாகாதவன் எப்படில சாவான்?" என்றாள் பானு.

"அப்ப ஏன் வயசச் சொல்லாமலே போயிட்டான்?"

பானு வெளியே வந்த நாடாவை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வெயிலுமுத்து வந்தான். "எந்தம்பி நேத்துலருந்து ஒருவாய் சோறு திங்கல. நீதானே ஒயர மிதிச்ச? ஜிம்போலாவுக்கு என்ன வயசுன்னு நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு."

பானு கேசட் கடைக்கு ஓடினாள். ஹனீப் பாய் நாடாவின் கசங்கிய பகுதியை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், ஜிம்போலா என்ன வயசுன்னு சொன்னான்?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் ஃபைட் படந்தான் பாப்பேன்."

"அந்த வெட்டின துண்ட மட்டும் குடுங்களேன்."

"அது குப்பையில கெடக்கு. எடுத்துக் காதுல வச்சா கேக்கவா போவுது?"

சரி, கணக்குப் போட வேண்டியதுதான். கணக்கில் பானு புலி. அப்படிப் பானுவே சொல்லிக்கொள்வாள், வேறு யாரும் சொன்னதில்லை. ஏழு ராஜா. ஆளுக்கு நாற்பது வருஷம். இருநூற்று எண்பது! விடையைத் தூக்கிக்கொண்டு சொரிமுத்துவிடம் ஓடினாள்.

"ஜிம்போலாவுக்கு இருநூத்தி எம்பது வயசுல!"

சொரிமுத்து ஓவென்று அழ ஆரம்பித்தான். "எங்க பெரியப்பா அறுவதுலயே செத்துட்டாரு!"

பானு பதறிப்போய் ராஜாக்களின் ஆட்சியைப் பாதியாகக் குறைத்தாள். "நூத்தி நாப்பது!" அழுகை குறையவில்லை. "தொண்ணூறு?" என்று இறங்கிப் பார்த்தாள். மீன்காரியிடம் பேரம் பேசுவது போல இருந்தது.

சொரிமுத்துவின் அம்மா கனகவள்ளி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏ புள்ள, நீ ஆறுதல் சொல்ல வந்தியா, பயங்காட்ட வந்தியா?"

"எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் அத்தை. உம்மா முட்டை பொரிச்சுத் தருவாங்க."

பானுவின் வீட்டில் வாப்பா கலீலுல்லா ரிசர்வேஷன் ஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தார். பேனா மூடி வாயில் இருந்தது. மே மாதம் எல்லோரும் திருநெல்வேலிக்குப் போக வேண்டும்.

"பானுவுக்கு வயசு என்ன போட?" என்று கேட்டார்.

"பத்து" என்றாள் உம்மா ஷரீஃபுன்னிசா, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

பானு திரும்பினாள். "வாப்பா, போன வருசம் என்ன போட்டீங்க?"

"பத்து."

"அதுக்கு முந்தின வருசம்?"

வாப்பா உம்மாவைப் பார்த்தார். "அப்பவும் பத்துதான். பன்னெண்டு முடிஞ்சா முழு டிக்கெட்டு கேப்பான். பத்துன்னா ஒரு தொல்லையும் இல்ல."

"ஸ்கூல்ல பதினொண்ணுன்னு இருக்கே?"

"அது ஸ்கூல் வயசு" என்றாள் உம்மா.

"ரேஷன் கார்டுல?"

"பதிமூணு. அப்பத்தானே அரிசி கூடக் கெடைக்கும்?"

சொரிமுத்துவின் வாய் மெல்லத் திறந்தது. "பானு அக்காவுக்கு மூணு வருசமா பத்து வயசா?"

"ரயில்ல அப்படித்தான்" என்றார் வாப்பா.

"சாகலியே?"

உம்மாவின் கையிலிருந்த கத்தி நின்றது. "என்ன பேச்சுல இது!"

பானுவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கையை நீட்டினாள். "கிள்ளிப் பாரு. இருக்கேனா?"

சொரிமுத்து கிள்ளினான். இரண்டு நாள் கவலை முழுவதும் அந்தக் கிள்ளலில் இருந்தது.

"ஆ!"

"இருக்கா" என்றான் சொரிமுத்து.

"ஜிம்போலாவும் இப்படித்தாம்ல. யாரு கேட்டாலும் வாயத் தொறந்து பத்துன்னு சொல்லுவான். ஏழு ராஜா வந்தாலும் பத்துதான், எழுவது ராஜா வந்தாலும் பத்துதான்."

சொரிமுத்து யோசித்தான். "அவனும் ரயில்ல போவானா?"

"போவான்னுதான் நெனக்கேன்."

முதல் முட்டை போன இடம் தெரியவில்லை. இரண்டாவது முட்டையை உம்மா பொரித்து முடிக்கும்வரை அவன் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். கூட்டிப்போக வந்த வெயிலுமுத்துவிடம், "ஜிம்போலாவுக்குப் பத்து வயசு. சாகல" என்று அறிவித்தான்.

"பத்தா? நிச்சயமா?" என்றான் வெயிலுமுத்து.

"ரயில்வேயே ஒத்துக்கிட்டாச்சு" என்றாள் பானு. "வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு எடம் உண்டா?"

"உண்டு. ஒயருக்கு அந்தப் பக்கம்."

அவர்கள் போனபிறகு உம்மா மறுபடி வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். ஜிம்போலா கணக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் பத்து, பதினொன்று, பதிமூன்று. பானு மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கப் பார்த்தாள். மீதி வந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பிறந்தநாள் ஜூன் ஒன்று. ஹெட்மாஸ்டர் புண்ணியத்தில் அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே ஜூன் ஒன்றுதான்.

"உம்மா, எனக்கு நிஜமா என்ன வயசு?"

"எதுக்குக் கேக்க? ரயிலுக்கா, ஸ்கூலுக்கா?"

"எனக்கு."

உம்மா நிமிர்ந்து பார்த்தாள். கத்தியை ஓரமாக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"பன்னெண்டு முடிஞ்சு எட்டு மாசம். எழுபத்தி மூணு, ஆகஸ்ட் நாலு, சனிக்கிழமை மத்தியானம். அன்னைக்கு ஒரே மழை. ரயிலெல்லாம் நின்னு போச்சு. உங்க வாப்பா ஒன்னயப் பாக்கத் தண்டவாளத்து மேல நடந்தே வந்தாங்க, முழங்கால் தண்ணியில."

வாப்பா வாயிலிருந்து பேனா மூடியை எடுத்தார். ஃபாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"அப்ப நான் என்னத்தப் போட?"

"பன்னெண்டுன்னு போடுங்க" என்றாள் உம்மா. "முழு டிக்கெட்டு. புள்ள முழுசா முன்னால நிக்காள்ல?"