பெற்ற பிள்ளையிடம் சொன்ன சொல்

தன் உடம்பில் எந்தெந்தப் பாகம் தனக்கு இனியும் வேண்டும் என்பதை நிலாவில் வாழும் ஒவ்வொரு ஓய்வூதியரும் ஆண்டுக்கு ஒருமுறை முடிவு செய்தாக வேண்டும். அதற்குத் தேர்வு வாரம் என்று பெயர். தேர்ந்துகொண்ட பாகத்துக்குக் காப்பு உண்டு. பழுதானால் புதிது வளர்த்துப் பொருத்துவார்கள். தேராத பாகம் பழுதானால் பழுதானதுதான். பொன்னைக் கொட்டினாலும் வளர்ப்புத் தொட்டியில் இடம் கிடைக்காது. எதிர்வீட்டு ராஜமாணிக்கம் போன வருஷம் கண்ணையும் பல்லையும் தேர்ந்துகொண்டார். ஆவணியில் சிறுநீரகம் கைவிட்டது. மனிதர் கடைசிவரை கண்ணாடியில்லாமல் செய்தி படித்துக்கொண்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் அந்தக் கவலை வெள்ளியங்கிரியின் வீட்டுக்கு வந்திருந்தது. அவர் மனைவி மரகதத்தின் இதய வால்வு தளர்ந்துவிட்டது. சொன்னது அவளுடைய உள்மணி. தோளெலும்புக்குக் கீழே மிளகளவில் பதித்திருக்கும் அந்தக் கருவி ரத்தத்தை ஓயாமல் படிக்கும். படித்ததை உடம்புக்குரியவரின் காதில் மட்டும் சொல்லும். 'தை மாதம் தாண்டாது' என்று அது சொன்னதை, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள் மரகதம். உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதற்கும் அதற்கும் குரலில் வித்தியாசம் இல்லை. வெள்ளியங்கிரி அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிக் கீழே வைத்தார். இந்தப் பெண்பிள்ளை இல்லாத வீட்டை அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நெஞ்சுக்குக் காப்பு கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் சட்டம் குறுக்கே படுத்திருந்தது.

ஆரம்பத்தில் காப்பு நிறுவனமே உள்மணிகளைப் படித்துக்கொண்டிருந்தது. யாருக்கு எது கெடப்போகிறதோ, அதைத் தவிர மற்றதற்கெல்லாம் காப்பு கொடுத்தது. ஓய்வூதியர்கள் கொதித்தெழுந்தார்கள். "எங்க ஒடம்பு, எங்க ரத்தம். நீ யாரு எட்டிப் பாக்கறதுக்கு?" என்று சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி உண்ணாவிரதம் இருந்தார். நிறுவனம் பணிந்தது. இனி வாய்ச்சொல்லே சாட்சி என்றானது. உடனே கிழடுகள் அலுவலகத்துக்கு வரிசையாகப் போய், உச்சி முதல் உள்ளங்கால்வரை வலி என்று முனகத் தொடங்கின. நிறுவனம் கையை விரித்தது.

அப்போது வழி சொன்னவரும் வெள்ளியங்கிரிதான். "ஆபீசுல பொய் சொல்லுவாங்க, ஒத்துக்கறேன். பெத்த புள்ளைகிட்ட எவனாவது பொய் சொல்லுவானா? அதைக் கேட்டு எழுதிக்கங்க" என்றார். சபையில் கைதட்டு அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு செவிப்பொறி. பிள்ளைகளோடு பேசும்போது அதன் சிவப்பு விளக்கு எரியும். எந்தப் பாகம் நோகிறது என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறீர்களோ, அந்தப் பாகத்துக்குத்தான் காப்பு கேட்கலாம். நல்ல சட்டம் என்று பூமியிலும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அங்கே பிள்ளைகள் தங்கள் உடம்பைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்வதும் காப்புக்குச் சாட்சி.

ரத்தத்தைப் படிக்கவிடாத வீரர்கள் காதைக் கொண்டுவந்து நடுவீட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மரகதம் மகளிடம் சொல்லியிருந்ததெல்லாம் மூட்டுவலி ஒன்றைத்தான். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்கு. வந்த வாரமே மூட்டுவலி போய்விட்டது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. மூட்டைப் பற்றிப் புலம்பினால் யாரும் பயப்படமாட்டார்கள், பேச்சும் வளரும். ஆகவே வலிக்காத மூட்டுக்கு அவளுக்கு முழுக் காப்பு இருந்தது.

தேர்வு வாரத்தின் கடைசி நாள். மாலை மணி அடித்தால் பதிவு மூடிவிடும். பொள்ளாச்சியில் இருக்கும் மகள் நித்திலா பேசும் நாளும் அதுதான்.

"நாலே வார்த்த" என்றார் வெள்ளியங்கிரி. "கண்ணு, அம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல. எங்க, சொல்லு பாக்கலாம்."

"உங்ககிட்ட சொல்ல வருதுங்க. அவகிட்டத்தான் வராது."

"சொன்னா என்ன கொறஞ்சு போயிருவ?"

"புள்ள தூங்கமாட்டா. அங்கிருந்து ஓடி வரவும் முடியாது, இருக்கவும் முடியாது. கெடந்து தவிப்பா."

"செத்துப்போனா மட்டும் சிரிச்சுட்டு இருப்பாளா?" என்றார் அவர். மரகதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரிங்க, சொல்றேன். நீங்களும் உங்க கிட்னி சமாச்சாரத்தச் சொல்லோணும்."

அவருடைய உள்மணியும் கொஞ்ச நாளாக முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது. "நீ மொதல்ல சொல்லு. அடுத்த மூச்சுல நான் சொல்லிடறேன்" என்றார்.

சுவர் வெளுத்தது. அதில் நித்திலா தோன்றினாள். செவிப்பொறியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மகள் சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ரசம் ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்திருந்தாள்.

மரகதம் புருஷனைப் பார்த்தாள். சாப்பிடுகிற பிள்ளையிடமா, என்று கேட்டது அந்தப் பார்வை. வெள்ளியங்கிரி, பொறு என்று கையமர்த்தினார். சாப்பிடுகிறவரிடம் கெட்ட சேதி சொல்லாத ஊர்க்காரர்தானே அவரும்.

பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதைப் பேசினார்கள். மாவு விலையைப் பேசினார்கள். ஒவ்வொரு பேச்சும் பூமிக்குப் போய் வர இரண்டு மூன்று கண்சிமிட்டும் நேரம் ஆயிற்று. நித்திலா மெதுவாகச் சாப்பிட்டாள். இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாள்.

"ஏங்கண்ணு, எளச்சுட்ட மாதிரி இருக்கற?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வெளிச்சம் அப்படி. உன்ற முட்டி எப்படி இருக்குது?"

"அதுக்கென்ன, வலிச்சுட்டுத்தான் கெடக்குது" என்றாள் மரகதம் உற்சாகமாக.

வெள்ளியங்கிரியால் பொறுக்கமுடியவில்லை. "நித்திலா, உங்கம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல சாமி. வால்வு போயிருச்சு" என்றார்.

அடுத்தவர் உடம்பைப் பற்றிச் சொல்வது சாட்சியாகாது; சட்டத்தில் அந்த வரியைச் சேர்த்தவரும் அவர்தான். ஆனாலும் மகள் கேட்பாள், கேட்டால் மரகதம் சொல்லியே ஆகவேண்டும் என்று நம்பினார்.

சொல் பூமிக்குப் போய்ச் சேர்ந்தது. நித்திலாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. முகம் வெளிறியது.

"அம்மா, நெசமா?"

செவிப்பொறியின் விளக்கு இன்னும் பிரகாசமானது. நேர்க்கேள்விக்கு நேர்ப்பதில் வந்தால் அதுவே முடிந்த முடிவு. மரகதம் மகளின் முகத்தைப் பார்த்தாள். பிசைந்த சோற்றைப் பார்த்தாள். அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒரு தரம் தடுக்கிவிட்டு மறுபடி ஓடியது.

"உங்கப்பாவுக்கு வேற வேலையில்ல" என்றாள் சிரித்துக்கொண்டே. "அன்னிக்கு வாயு புடிச்சுக்கிச்சு, அதப் போயி பெருசு பண்றாரு. எனக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன். நீ சாப்புடு."

"மரகதம் அம்மையாரின் சொல் ஏற்கப்பட்டது" என்றது செவிப்பொறி, நிலாப்பக்கம் மட்டும் கேட்கும் தாழ்ந்த குரலில். "நெஞ்சுக்குக் காப்பு தேவையில்லை. மூட்டுக்குக் காப்பு தொடரும்."

இவள் பக்கத்தில் இல்லாமல் அந்தச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு கணம் நினைத்தார் வெள்ளியங்கிரி. மறுகணம், அப்படியெல்லாம் நினைக்கக்கூடாது, கொடுத்த வாக்குப்படி சொல்லிவிட வேண்டும் என்று தேற்றிக்கொண்டார். சொல்லவும் வாயெடுத்தார்.

"நீங்கப்பா?" என்றாள் நித்திலா. கண்ணில் இன்னும் பயம் இருந்தது. "நீங்களாச்சும் நல்லா இருக்கறீங்களா?"

மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் மகளைப் பார்த்தார்.

"எனக்கென்ன சாமி" என்றார். "கல்லாட்டம் இருக்கேன்."

அவள் மூச்சு விட்டாள். "இங்கயும் எல்லாரும் சொகம்தாம்ப்பா. எனக்கும் ஒரு கொறையுமில்ல" என்றாள். எட்டித் தண்ணீர்ச் சொம்பை எடுத்தபோது மேசைக்கு அடியிலிருந்து இடது கை வெளியே வந்தது. மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டுகிற பட்டை இருந்தது. சட்டென்று அதை மறுபடி மறைத்துக்கொண்டாள். பெற்றவர்கள் இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் எதுவும் கேட்கவில்லை.

மாலை மணி அடித்தது. சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது.

"மூவரும் நலம்" என்றது செவிப்பொறி. "பதிவு செய்யப்பட்டது."