சாயம் ஏறாத இடம்

முந்தின நாள் பூசிய சாயம் துப்பாக்கிக் கட்டை முழுக்கப் பிடித்திருந்தது. சுடுபவன் கை பற்றும் ஒடுங்கிய கழுத்தில் மட்டும் ஏறவில்லை. அங்கே விரல் அகலத்தில் வெளுத்த நான்கு கோடுகள். பழைய கைப்பிசுக்கு என்றுதான் ஹில்க்கா நினைத்தாள். எண்ணெய் ஊறிய பிர்ச் மரம் அப்படித்தான் அடம்பிடிக்கும்.

கட்டை ரெய்யோவுடையது. ஏரிக்கு அக்கரையில் இருப்பவன். மாமாவின் போர்க்கால ரைஃபிளைக் கழற்றி, இரும்பை வீட்டில் வைத்துக்கொண்டு, மெருகேற்ற மரத்தை மட்டும் கொடுத்திருந்தான். வசந்தத்தில் கணவன் இறந்ததிலிருந்து ஹில்க்காவுக்கு எதுவும் உறைப்பதில்லை. கை மட்டும் வேலை செய்தது.

கட்டையை மேசையில் பொருத்திய வைஸின் இரும்புப் பிடியில் இறுக்கி, டர்பென்டைனில் துடைத்து, உப்புத்தாள் போட்டு, தாரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த சாயத்தை மறுபடி தேய்த்தாள். பட்டறைக்குள் புகை வாடை கனத்தது; அடுப்பில் விறகு வெடித்தது; வெளியே பிற்பகலே இருட்டி, ஏரிப்பனி நீலமாகிக்கொண்டிருந்தது. கோடுகள் திரும்ப வெளுத்தன. இந்த முறை மூன்றுதான் கழுத்தில். நான்காவது, விசை இருக்க வேண்டிய பள்ளத்துக்கு நகர்ந்திருந்தது.

ரெய்யோவைப் போனில் அழைத்து, மாமா எப்படிப்பட்டவர் என்று கேட்டாள்.

“நல்ல மனுஷன்தான். சண்டை முடிஞ்சு வந்தப்புறம் யார்கிட்டயும் பேசல. ஜன்னலோரமே உக்காந்திருப்பாரு. நாங்க ஏரி மேல வெளையாடினா மட்டும் அம்மா பதறிப்போய் உள்ள கூப்பிட்டுக்குவா.” சிரித்தான். “ஏன், மரம் படுத்துதா? இரு, நானே வரேன். காப்பி போட்டு வை.”

அவள் காப்பி போட்டாள்.

திரும்பியபோது, கன்னம் பதியும் இடத்தில் ஈரச்சாயத்தின் பளபளப்பு மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. கண்ணாடியில் யாரோ மூச்சு விடுவதுபோல. அவள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். மங்கியது. தெளிந்தது.

ஜன்னலில் ஒரு சிறு வெளிச்சம். நெற்றியில் விளக்குடன் ரெய்யோ உறைந்த ஏரியின் நடுவே வந்துகொண்டிருந்தான். குழல் இல்லாத கட்டையின் முனை அவனுக்கு நேராக நீண்டிருந்தது. திருப்பிவிட வேண்டும். கை எழவில்லை.

மரத்தில் மூச்சு நின்றது.

சத்தம் எதுவும் இல்லை. ரெய்யோ பனியில் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். விளக்கு வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

மரம் மறுபடி மூச்சு விட்டது. நிதானமாக.

ஹில்க்கா கதவை நோக்கி நகர்ந்தாள். வைஸ் முனகியது. ஜன்னலை விட்டு விலகிய கட்டை, அவள் நகர நகரக் கூடவே திரும்பியது.

அவள் நின்றாள். அதுவும் நின்றது. கன்னம் பதியும் இடத்தில் பளபளப்பு ஒருமுறை மங்கி, தெளிந்து, அப்படியே தெளிவாக இருந்தது.